இப்போது யாரும் நிற்பதில்லை

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. பேரனை உங்கள் மலேசியாவின் நீலாய் வெலோட்ரோமுக்கு, அந்தச் சைக்கிள் பந்தய அரங்குக்கு, கூட்டிப் போகப் போகிறாய் என்பது அதைவிட மகிழ்ச்சி. போவதற்கு முன் நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்: "அந்தக் காலத்தில் இருவர் மோதும் சைக்கிள் ஸ்பிரிண்ட் பந்தயத்தில் ஓட்டக்காரர்கள் பெடல்மேல் எழுந்து, அசையாமல் நின்றுகொண்டே இருப்பார்களே, இப்போது ஏன் அதைக் காணோம்?"

எதிராளியை முன்னே போக வைக்கத்தான் அப்படி நின்றார்கள். அதற்கு விதி எல்லை போட்டது முதல் காரணம். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் இத்தாலியின் பெட்டெனெல்லாவும் பிரான்சின் திரெந்தாவும் 21 நிமிடம் 57 வினாடி அப்படியே நின்றார்கள். இன்று ஒரு தடவைக்கு 30 வினாடி, ஒரு ஓட்டத்தில் இரண்டே தடவை. ஆனால் அந்த 30 வினாடியைக்கூட இப்போது யாரும் விரும்பி எடுப்பதில்லை. உண்மையான காரணம் பல்சக்கரத்தில் இருக்கிறது.

டிராக் சைக்கிளில் பிரேக் கிடையாது, ஃபிரீவீல் (மிதிக்காமல் சும்மா உருள விடும் அமைப்பு) கிடையாது, கியர் மாற்றவும் முடியாது. முன்னால் எத்தனை பல், பின்னால் எத்தனை பல் என்பதை ஓட்டத்துக்கு முன்பே முடிவு செய்து மாட்டிவிட வேண்டும். கணக்கைப் பார். பழைய கியர் மாதிரி முன்னால் 50, பின்னால் 14 போட்டால், பெடல் ஒரு சுற்றுக்கு சைக்கிள் சுமார் 7.46 மீட்டர் நகரும். இப்போதைய பெரிய கியர் மாதிரி 60-க்கு 14 போட்டால் 8.95 மீட்டர். பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் நெதர்லாந்தின் ஹாரி லாவ்ரெய்சன் 200 மீட்டரை 9.088 வினாடியில் கடந்தார். மணிக்கு 79 கிலோமீட்டருக்கும் மேல். அந்த வேகத்தைப் பழைய கியரில் எட்ட, கால்கள் ஒரு நிமிடத்துக்கு 177 சுற்று சுற்ற வேண்டும். பெரிய கியரில் 147 போதும். 177-இல் ஒவ்வொரு மிதிக்கும் கிடைப்பது 0.17 வினாடி, அதற்குள் தசை இறுகி, விசை கொடுத்து, தளர்ந்துவிட வேண்டும். 147-இல் 0.20 வினாடி. காகிதத்தில் அற்பமாகத் தெரியும் அந்த வித்தியாசம், தொடைக்கு முழு விசையையும் இறக்க நேரம் கொடுக்கிறது. அதனால்தான் இன்றைய ஓட்டக்காரர்கள் ஜிம்மில் அவ்வளவு எடை தூக்குகிறார்கள். பெரிய பல்சக்கரத்தில் செயின் குறைவாக மடங்குவதால் உராய்வும் கொஞ்சம் குறைகிறது.

இதற்கு விலை உண்டு. நின்ற இடத்திலிருந்து 60 பல்லைக் கிளப்புவது பாறையை உருட்டுவது மாதிரி. எதிராளி ஒரு மிதி முந்தினாலும் நீ எழும்புவதற்குள் அவர் பத்து மீட்டர் போய்விடுவார். ஆகவே இருவருமே வேகத்தைக் கீழே விடப் பயப்படுகிறார்கள். பழைய ஸ்பிரிண்டில் கடைசி 200 மீட்டரில் பாய்ந்தார்கள். இப்போது ஒன்றரைச் சுற்று மீதி இருக்கும்போதே முன்னால் இருப்பவர் மெல்ல முறுக்க ஆரம்பித்துவிடுகிறார். பின்னால் இருப்பவரைத் தயார் ஆகவே விடாமல் இழுத்துப் போவதுதான் நோக்கம். பழைய கண்ணாமூச்சியின் அழகு போய்விட்டது என்று வருந்துகிறவர்கள் உண்டு. எனக்கு இந்த நீண்ட ஓட்டம்தான் பிடித்திருக்கிறது. இதில் தந்திரம் மறையவில்லை, வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கிறது.

எங்கே நகர்ந்தது என்றால், இருவருக்கும் நடுவிலுள்ள இடைவெளிக்கு. பின்னால் வருபவர் வேண்டுமென்றே சில சைக்கிள் நீளம் விட்டுக்கொடுப்பார். முன்னவரின் முதுகுக்குப் பின் காற்று குறைவு. அந்த இடைவெளியில் வேகம் சேர்த்து, அவர் பின்சக்கரத்தை நெருங்கும் கணத்தில் பக்கவாட்டில் விலகிச் சீற வேண்டும். இடைவெளி குறைந்தால், வேகம் முழுதாகச் சேர்வதற்குள் பின்சக்கரத்தில் மோதப் போய், பெடலை எதிர்த்து அழுத்தி வேகத்தைக் கொல்ல நேரும். கூடினால், முன்னவர் சாய்ந்த பாதையின் உச்சியிலிருந்து திடீரென்று கீழே பாய்வார். காற்று மறைவே இல்லாமல் தனியாகத் துரத்த வேண்டிவரும். முன்னால் இருப்பவர் திரும்பித் திரும்பிப் பார்ப்பது இந்த இடைவெளியை அளக்கத்தான். அவர் சரிவின் நடுவிலேயே ஓட்டினால் கீழே, மேலே இரண்டு வழியும் அவர் கையில்.

முந்துவதை எங்கே வைத்துக்கொள்வது என்பதும் கணக்குதான். வளைவில் எதிராளியைவிட ஒரு மீட்டர் மேலே ஓட்டினால், சரிவைக் கழித்தபின் ஒரு முழு வளைவுக்கு சுமார் 2.3 மீட்டர் கூடுதல் தூரம். ஒரு சைக்கிள் நீளத்துக்கும் மேல்! ஆகவே எல்லைக் கோட்டுக்கு எதிர்ப்பக்க நேர்ப்பாதையிலேயே பக்கத்தில் வந்துவிட வேண்டும், அல்லது வளைவு முழுக்கப் பின்சக்கரத்தில் ஒட்டிக் காத்திருந்து கடைசி நேர்ப்பாதையில் சீற வேண்டும். வளைவின் நடுவில் அரைச் சக்கரம் மட்டும் முன்னேறித் தொங்குவதுதான் மிக மோசமான இடம். பாதையின் உள்விளிம்பருகே வரைந்திருக்கும் கறுப்புக் கோட்டுக்கும் சிவப்புக் கோட்டுக்கும் நடுவிலுள்ள ஓடுபாதையை முன்னவர் பிடித்துக் கடைசி ஓட்டத்தை ஆரம்பித்துவிட்டால், உள்பக்கமாக முந்தக் கூடாது. அவரும் தெளிவான முன்னிலை இல்லாமல் அதைவிட்டு மேலே வந்து மறிக்கக் கூடாது. அப்படிச் செய்தால் நடுவர் தோல்வி கொடுத்துவிடுவார்.

இனி, ஒவ்வொருவரும் தனியாக ஓட்டும் தகுதிச் சுற்று. அதை வெறும் கடிகார ஓட்டம் என்று பேரன் சலித்துக்கொண்டால் விடாதே, இதைச் சொல். 250 மீட்டர் டிராக்கில் மூன்றரைச் சுற்று, கடைசி 200 மீட்டருக்கு மட்டும் நேரம். ஏழு மீட்டர் அகலப் பாதை 42 பாகை சாய்ந்தால் வேலியோரம் நாலரை மீட்டர் உயரத்துக்கும் மேலே இருக்கும். மணிக்கு 60 கிலோமீட்டரில் மேலே போய், நாலு மீட்டர் கீழே விழுந்தால், ஒரு மிதியும் மிதிக்காமலே கணக்குப்படி 68 ஆகிவிடும். நேரம் தொடங்கும் 200 மீட்டர் கோடு முதல் வளைவுக்குள் இருக்கிறது. அதைத் தொடும்போது இறக்கம் முடிந்து கறுப்புக் கோட்டில் ஒட்டியிருக்க வேண்டும். சீக்கிரம் இறங்கினால் உச்ச வேகம் கோட்டுக்கு முன்பே வந்துபோய், கடைசி 50 மீட்டரில் கால் செத்துவிடும். தாமதித்தால் கோட்டைத் தாண்டிய பிறகும் இறங்கிக்கொண்டிருப்பாய், கூடுதல் தூரம்.

எவ்வளவு கூடுதல்? அந்த 200 மீட்டரில் ஏறக்குறைய ஒன்றரை வளைவு. கறுப்புக் கோட்டுக்கு மேலே பத்தே சென்டிமீட்டர் விலகி ஓட்டினால் சுமார் 35 சென்டிமீட்டர் அதிகம், 0.016 வினாடி. பாரிஸில் மாத்யூ ரிச்சர்ட்சன் 9.091 ஓட்டி உலக சாதனை வைத்தார். சில நிமிடங்களில் லாவ்ரெய்சன் 9.088 ஓட்டி அதை எடுத்துக்கொண்டார். வித்தியாசம் 0.003. ஒரு விரற்கடை அளவு கோட்டுப் பிசகு போதும், சாதனை கை மாறியிருக்கும். முதலிடம் வெறும் பெருமையும் இல்லை: முதலாவது வந்தவர் ஆரம்பச் சுற்றுகளில் பின்தங்கியவர்களோடு மோதுகிறார், கால் பலம் மிச்சமாகிறது. காலிறுதியிலிருந்து மூன்றில் இரண்டு வெல்ல வேண்டும் என்பதால் மிச்சமான பலம்தான் கடைசி நாளில் பேசும். பாரிஸ் இறுதியில் லாவ்ரெய்சன் ரிச்சர்ட்சனை 2-0 என்று முடித்தார்.

காற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2019-இல் டிரினிடாடின் நிக்கோலஸ் பால் 9.100 ஓட்டி முந்தைய உலக சாதனையை வைத்தது பொலிவியாவின் கோச்சபாம்பாவில், சுமார் 2,500 மீட்டர் உயரத்தில். அதைத் தாழ்ந்த பாரிஸில் உடைத்ததுதான் ஆச்சரியம். 2025 ஆகஸ்டில் துருக்கியின் கொன்யாவில், சுமார் 1,000 மீட்டர் உயரத்தில், ரிச்சர்ட்சன் (இப்போது ஆஸ்திரேலியாவை விட்டு பிரிட்டனுக்கு ஓட்டுகிறார்) 8.941, மறுநாள் 8.857. ஒன்பது வினாடிக்குள் வந்த முதல் மனிதர். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. அதே பலத்துக்கு வேகம் மூன்று சதவீதம் வரை கூடும். பாரிஸ் எண்ணையும் கொன்யா எண்ணையும் அப்படியே ஒப்பிடாதே.

சாமான்கள் பற்றிச் சுருக்கமாக: சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது, ஆகவே எடை குறைப்பதைவிட வளையாத ஃபிரேமுக்குத்தான் மெனக்கெடுகிறார்கள். டியூபுலர் டயர் (டியூபை உள்ளேயே வைத்துத் தைத்த டயர்) ரிம்மில் பசையால் ஒட்டப்படுகிறது. வளைவில் உடல் எடை இரண்டு மடங்குக்கு மேல் அழுத்தும். பசை பழையதாக இருந்தாலோ சரியாகக் காயாமல் போனாலோ டயர் கழன்று, விழுவது அவர் மட்டும் இல்லை, பின்னால் வருபவரும்தான். பெடலில் ஷூ பூட்டிய பிறகும் மேலே வார் போட்டு இறுக்குவதைப் பார்ப்பாய்: முழு பலத்தில் காலை மேலே இழுக்கும்போது பூட்டு மட்டும் தாங்காமல் போகலாம். விழுந்தால் மரப்பாதை சும்மா விடாது. உங்கள் அஸிசுல்ஹஸ்னி அவாங்குக்கு 2011-இல் மான்செஸ்டரில், கெய்ரின் என்ற, பலர் சேர்ந்து ஓட்டும் பந்தயத்தில், 20 சென்டிமீட்டர் மரச்சிலாம்பு கெண்டைக்காலைத் துளைத்து மறுபக்கம் வந்தது. அதோடு எழுந்து எல்லைக் கோட்டைத் தொட்டார். 2009 உலக சாம்பியன்ஷிப் ஸ்பிரிண்டில் வெள்ளி வாங்கியவரும் அவர்தான். பேரனுக்கு அவரைப் பற்றிச் சொல்லாமல் இருந்துவிடாதே.

இடம் பிடிக்கும்போது எல்லைக் கோட்டுக்கு நேரே போய் உட்காராதே, அங்கே முடிவு மட்டும்தான் தெரியும். எதிர்ப்பக்க நேர்ப்பாதை முடிந்து கடைசி வளைவு தொடங்கும் இடத்தில் உயரமான வரிசையில் உட்காருங்கள். கடைசிச் சுற்று மணி அடித்ததும் முன்னவரைப் பார்க்க வேண்டாம். இரண்டு சக்கரங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியைப் பாருங்கள். அது சுருங்குகிறதா, அப்படியே நிற்கிறதா என்பதை வைத்துப் பேரன் வெற்றியாளரை முன்கூட்டியே சொல்லட்டும். எத்தனை சரியாக வந்தது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய தோழன்