ஊர்க்காரர்களையும் உட்காரவைத்துக் கேளுங்கள்: மாமல்லபுரம் மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மாமல்லபுரம் உள்ளாட்சி மன்றத் தலைவர், துணைத் தலைவர், வார்டு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் இட்லிக் கடை நடத்துகிறவள் நான். திருக்கழுக்குன்றத்திலிருந்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து 31 வருடமாகிறது. காலை நாலரைக்கு அடுப்பைப் பற்றவைத்தால் முதலில் வருவது தூய்மைப் பணியாளர்கள். அடுத்து, வலையை இழுத்துப் போட்டுவிட்டுக் கண் சிவக்க வரும் குப்பத்துப் பிள்ளைகள். ஏழு மணிக்குக் கல் பட்டறை ஆட்கள். சுற்றுலா பஸ் வந்து நிற்க ஒன்பதாகிவிடும். ஊர் என்றதும் என் மனசில் வருவது அந்த முதல் நாலு மணி நேரத்தில் என் பெஞ்சில் உட்கார்ந்து எழுந்து போகிறவர்கள்தான். அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

கேட்பது ஒன்றே ஒன்று. வார்டில் குடியிருக்கிறவர்கள் கூடித் தங்கள் குறைகளைச் சொல்லும் பகுதி சபைக் கூட்டத்தை, ஊர்க்காரர்கள் வர முடிகிற நேரத்தில், அவர்கள் இருக்கிற இடத்தில் வையுங்கள். கடற்கரை, சாலை, கடை, விளக்கு என்று எந்தத் திட்டம் வந்தாலும் அதை முடிவு செய்வதற்கு முன்னால் அங்கே கொண்டுவந்து பேசுங்கள்.

என் தங்கை வாழ்க்கைப்பட்டது ஒரு சின்ன கிராமம். வருடத்துக்கு ஆறு தடவை அங்கே கிராம சபை நடக்கும். ஒரு தடவை அவள் எழுந்து நின்று, தன் தெருக்குழாயில் வாரம் ரெண்டு நாள்தான் தண்ணீர் வருகிறது என்று சொன்னாள். தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள். அடுத்த கூட்டத்தில் அதே புத்தகத்தைக் காட்டி "என்னாச்சு?" என்று கேட்டாள். எட்டாம் வகுப்பு வரை படித்தவள், அதுவரை நாலு பேர் முன்னால் நின்று பேசியதே இல்லை. நகரத்தில் இருப்பவர்களுக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும் என்றுதான் 2022ல் வார்டு குழு, பகுதி சபை விதிகளைத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. அந்த வருடம் நவம்பர் 1, உள்ளாட்சி நாளில், பல ஊர்களில் பகுதி சபை கூடியது. சட்டத்தில் இடம் இருக்கிறது. காலை பதினொரு மணிக்கு ஒரு மண்டபத்தில் கூட்டம் போட்டால் கல் வெட்டுகிறவன் உளியைக் கீழே வைத்துவிட்டு எப்படி வருவான்? மீன்காரம்மா கூடையை யாரிடம் கொடுத்துவிட்டு வருவார்? சாயங்காலம் ஆறரைக்கு மேல், ஒரு தடவை மீனவர் குப்பத்தில், ஒரு தடவை பட்டறைகள் இருக்கும் பக்கம், ஒரு தடவை பூஞ்சேரியில் என்று வைத்துப் பாருங்கள்.

அப்படிக் கூடினால் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். தினமும் கடையில் அதைத்தான் பேசுகிறார்கள்.

முதலில் பணம். 1984லிருந்து நம் ஊர்ச் சின்னங்கள் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன. 2021-22ல், கட்டணம் வாங்கும் தொல்லியல் சின்னங்களிலேயே வெளிநாட்டுக்காரர்கள் அதிகம் வந்தது நம் ஊருக்கு. 1 லட்சத்து 44 ஆயிரத்துக்கும் மேல் வந்தார்கள், தாஜ்மகாலையே தாண்டிவிட்டோம். பெருமையான விஷயம், நானும் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். ஆனால் கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் வாங்கும் டிக்கெட் காசு மத்தியத் தொல்லியல் துறைக்குப் போகிறது. அந்த ஜனம் குடித்துப் போடும் பாட்டிலையும், தின்றுவிட்டு வீசும் தட்டையும் பொறுக்குவது உள்ளாட்சியின் தூய்மைப் பணியாளர்கள். ஞாயிற்றுக்கிழமை முடிந்து திங்கட்கிழமை விடிகிறபோது அவர்கள் முகத்தைப் பார்க்கிற நான் சொல்கிறேன், அந்த வேலைக்கும் அந்த டிக்கெட்டுக்கும் ஒரு சம்பந்தம் இருக்க வேண்டும்.

ஆக்ராவில் இருக்கிறது. தாஜ்மகாலுக்கு உள்நாட்டுக்காரர் கொடுக்கும் 50 ரூபாயில் 40 ரூபாய்தான் தொல்லியல் துறைக்கு. மிச்சம் 10 ரூபாய் ஆக்ரா வளர்ச்சி ஆணையத்துக்குப் போகிறது. வெளிநாட்டுக்காரர் கொடுக்கும் 1,100 ரூபாயில் 500 ரூபாய் அந்த ஆணையத்துக்கு. அங்கே செய்ய முடிந்தது இங்கே ஏன் முடியாது? தலைக்கு 5 ரூபாய் ஊருக்கு என்று வந்தாலும் போதும். மன்றத்தில் ஒரு தீர்மானம் போட்டு மாநில அரசு வழியாக டெல்லிக்கு அனுப்புங்கள். பகுதி சபைகளிலும் அதே தீர்மானத்தை நிறைவேற்றி, ஊர்ஜனம் கையெழுத்துப் போட்டுத் தருகிறோம். உறுப்பினர்கள் மட்டும் கேட்பதை விட ஊரே சேர்ந்து கேட்டால் எடை அதிகம். இதோடு, சுற்றுலா வண்டிகளிடம் வாங்கும் கட்டணத்தின் வரவு செலவையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேருந்து நிலையத்தில் ஒரு பலகையில் எழுதிவைத்தால் நன்றாக இருக்கும். காசு எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டால் பாதி வம்புப் பேச்சு அடங்கிவிடும்.

அடுத்தது வீடு. இதை வெளியூர்க்காரர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்டக்கூடாது, அதற்கு அடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும் என்று 2010ல் மத்தியச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒரே ஒரு கோட்டை, ஒரே ஒரு கோயில் இருக்கும் ஊருக்கு இது ஒரு வட்டம். நம் ஊரில் குன்றுக்குக் குன்று குகை, பாறைக்குப் பாறை சிற்பம். வட்டங்கள் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன, நடுவே நாம் குடியிருக்கிறோம். சின்னங்களைக் காப்பாற்றத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. அந்தக் கற்கள் இல்லையென்றால் எனக்குக் கடையே இல்லை. ஆனால் 100 மீட்டருக்குள் இருந்தாலும் பழைய வீட்டைப் பழுதுபார்க்க, அனுமதி வாங்கிக்கொண்டு செய்ய, அதே சட்டத்தில் வழி இருக்கிறது. அது நம் ஜனத்துக்கு எட்டுவதில்லை. என்ன படிவம், எந்த வரைபடம், யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் மழைக்குத் தார்ப்பாய் கட்டி வாழ்கிறவர்கள் உண்டு. மகன் கல்யாணத்துக்கு ஓர் அறை போட முடியாமல் குடும்பத்தைப் பிரித்து வாடகைக்கு அனுப்பியவர்களும் உண்டு.

இதற்கு மன்றம் சட்டத்தை மாற்ற வேண்டியதில்லை. மாதத்தில் ஒரு நாள், மன்ற அலுவலகத்தில் ஒரு மேசை போடுங்கள். படிவம் நிரப்பத் தெரிந்த ஒருவர், வீட்டு வரைபடம் போட்டுத் தர ஒருவர், அவ்வளவுதான். ஊர்வரைபடம் ஒன்றில் எந்தத் தெரு 100 மீட்டருக்குள், எது 300க்குள் என்று வண்ணம் தீட்டிச் சுவரில் மாட்டிவிடுங்கள். வீடு வாங்குகிறவனும் ஏமாற மாட்டான்.

இதையொட்டி இன்னொன்று. வெண்ணெய் உருண்டைப் பாறை இருக்கிற குன்றில் ஒரு காலத்தில் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். என் பிள்ளைகள் ரெண்டு பேரும் அந்தச் சரிவில் சறுக்கித்தான் அரைக்கால்சட்டை கிழித்தார்கள். 2019 அக்டோபரில், இரண்டு நாட்டுத் தலைவர்கள் வந்து போன கையோடு, அங்கேயும் நுழைவுக் கட்டணம் வந்துவிட்டது. சின்னப் பிள்ளைகளுக்கு இலவசம்தான். ஆனால் சாயங்காலம் காற்று வாங்கப் போகும் வயசானவர்கள் என்ன செய்வார்கள்? ஊர்க்காரர்களுக்கு ஓர் அடையாள அட்டை கொடுத்து, காலையிலும் மாலையிலும் ஒரு மணி நேரம் கட்டணமில்லாமல் விடச் சொல்லித் தொல்லியல் துறையிடம் நீங்கள் கேட்க வேண்டும். தனி ஆளாக நான் போய்க் கேட்டால் வாசல் காவலர் என்ன செய்ய முடியும், பாவம்.

மாசி மகம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாசிப் பௌர்ணமிக்கு இருளர் ஜனம் நம் கடற்கரைக்கு வருவது உங்களுக்குத் தெரியும். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கமிருந்தெல்லாம் குடும்பம் குடும்பமாக, சட்டி பானையோடு முந்தின நாளே வந்துவிடுவார்கள். குச்சி நட்டுப் புடவையைச் சுற்றினால் வீடு. அவர்களின் கன்னியம்மா கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்டதாகவும், அவளைச் சமாதானம் சொல்லி அழைக்க வருவதாகவும் ஒரு பாட்டி எனக்குச் சொன்னார். விடியற்காலையில் ஈர மணலில் ஏழு படி கட்டி, பூவும் பழமும் வைத்துக் கும்பிடுவார்கள். அங்கேயே பெண் பார்ப்பார்கள், அங்கேயே தாலி கட்டுவார்கள், குழந்தைக்கு மொட்டை போட்டுக் காது குத்துவார்கள். சூரியன் வரும்போது அந்தக் கரையில் நின்று பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். டிசம்பர், ஜனவரியில் நடக்கும் நாட்டிய விழா போல இதற்கு மேடையும் கிடையாது, நாற்காலியும் கிடையாது. ஆனால் நம் ஊரில் வருடா வருடம் கூடும் கூட்டங்களில் மனசுக்கு மிகவும் நெருக்கமானது எனக்கு இதுதான்.

அந்த ரெண்டு நாளும் என் கடைக்குத் தண்ணீர் கேட்டு வருகிற பெண்களுக்குக் கணக்கே இல்லை. குடத்தை நிரப்பிக் கொடுத்துவிடலாம், அது ஒன்றும் பெரிசில்லை. கைக்குழந்தையோடு ராத்திரி இருட்டில் ஒதுங்க இடம் தேடி நிற்கும் பெண்ணுக்கு நான் என்ன பதில் சொல்ல? அடுத்த மாசி மகத்துக்கு எத்தனை நடமாடும் கழிப்பறை, எங்கே குடிநீர்த் தொட்டி, எந்தப் பக்கம் விளக்கு, பிரசவ வலி வந்தால் ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும் என்பதையெல்லாம் தை மாதமே பேசி முடிவு செய்யுங்கள். பேசும்போது இருளர் பெரியவர்கள் நாலு பேரைக் கூப்பிட்டு உட்காரவையுங்கள். எங்கே கூடாரம் போடுவார்கள், கன்னியம்மாவை எந்தத் திசையில் கும்பிடுவார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும். நாம் நல்லது செய்கிறோம் என்று நினைத்துக் கழிப்பறை வண்டியை அவர்கள் படி கட்டுகிற இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடக் கூடாது.

2021ல் கோயில் அன்னதானத்தில் தன்னை உட்காரவிடவில்லை என்று பூஞ்சேரி நரிக்குறவப் பெண் ஒருவர் பேசிய வீடியோவை நாடே பார்த்தது. அமைச்சர் வந்து அவரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டார். அந்தத் தீபாவளிக்கு முதலமைச்சரே பூஞ்சேரிக்கு வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சான்றிதழ்களும் கொடுத்தார். நல்ல காரியம். ஆனால் பாசிமணி விற்கும் ஒரு பெண்ணின் பேச்சு நம் காதில் விழ அது முதலில் ஊரெல்லாம் பரவ வேண்டியிருந்ததே என்று எனக்கு இன்றும் வருத்தம்தான். பூஞ்சேரியில் சபை வையுங்கள் என்று மேலே கேட்டது அதனால்தான்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடைத்தெரு வியாபாரிகள் விஷயத்தில், 2014 சாலையோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேராவது வியாபாரிகளாக இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். சங்கு விற்கிறவர், மாவுக்கல் பொம்மை விற்கிறவர், கடற்கரையில் மீன் வறுக்கிறவர் என்று எல்லாருக்கும் அதில் குரல் இருக்கட்டும். வண்டியை எங்கே நிறுத்தினால் கோயிலும் மறைக்காது, வியாபாரமும் கெடாது என்று அவர்களே அழகாகச் சொல்லுவார்கள். குப்பத்தில் கடல் அரிப்புதான் பெரிய பேச்சு. அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல் போட்டுக் கட்டும் தூண்டில் வளைவைத்தான் அவர்கள் கேட்கிறார்கள், அது மன்றத்தின் கையில் இல்லைதான். ஆனால் சபைத் தீர்மானமாக மேலே போனால் அதற்கு ஒரு காகிதமாவது இருக்கும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடும், அப்புறம் ஒன்றரை மாதத்தில் குஞ்சு பொரிக்கும். வெளிச்சத்தைப் பார்த்து அந்தக் குஞ்சுகள் கடலுக்குப் போகாமல் ஊர்ப்பக்கம் திரும்பிவிடுகின்றன. 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியதைப் பார்த்தோம். அது வேறு காரணத்தால் என்றாலும், நம்மால் ஆனது அந்த மாதங்களில் கடலைப் பார்த்த விளக்குகளை ராத்திரி பத்துக்கு மேல் அணைப்பது. விடுதிக்காரர்களையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் இதை ஒரே நாளில் பேசி முடித்துவிடலாம்.

கல் பட்டறைத் தூசியை விட்டுவிட மனசு வரவில்லை. நம் கற்சிற்பத்துக்கு 2017ல் புவிசார் குறியீடு கிடைத்தது. முன்பெல்லாம் உளிச் சத்தம்தான் கேட்கும். இப்போது மெஷின் ஓடுகிறது, தூசி மாவாகப் பறக்கிறது. காலையில் வரும் தம்பிகளில் சிலர் இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு இருமுகிறார்கள். முப்பத்தைந்து வயசுகூட ஆகாதவர்கள். சுகாதாரத் துறையோடு பேசி, வருடத்துக்கு ஒருமுறை பட்டறைக்கே வந்து நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க ஏற்பாடு செய்யுங்கள். தண்ணீர் தெளித்தபடி கல் அறுக்கும் மெஷினுக்குக் கடன் கிடைக்குமா என்றும் விசாரித்துச் சொல்லுங்கள். குறியீடு கல்லுக்குக் கிடைத்துவிட்டது, வெட்டுகிறவனுக்கு நுரையீரல் வேண்டும்.

எங்கள் தெருவில் சபை என்றால் முந்தின நாள் சொல்லிவிடுங்கள். கடையில் நாலு பெஞ்சு இருக்கிறது, பக்கத்து ஜூஸ் கடைத் தம்பி நாற்காலி தருவதாகச் சொல்லியிருக்கிறான். அன்றைக்குச் சாயங்காலம் வியாபாரத்தை நிறுத்திவிட்டு, வருகிற எல்லாருக்கும் டீ போட்டுத் தருகிறேன். தீர்மானப் புத்தகத்தை மட்டும் நீங்கள் கொண்டுவந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பேருந்து நிலையச் சந்து இட்லிக் கடைக்காரி,
மாமல்லபுரம்.