பணம் கட்டி யாரும் வெளிநாட்டில் ஆடப் போவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுப் பக்கத்தில், வெளிநாடு போய் ஆடும் ஃபுட்பால் நடுக்கள ஆட்டக்காரர்களைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தீர்கள். யார் எந்த நாட்டில் இருக்கிறார், என்ன சம்பளம், என்ன கார் என்று விவரமாக இருந்தது. அந்த அரைப் பக்கத்தைக் கத்தரித்து, நாலாக மடித்து, பர்ஸுக்குள் வைத்துக்கொண்டு ஒரு அம்மா என்னைப் பார்க்க வந்தார். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் பெரம்பூர்க்காரன். முப்பது வருஷம் ஃபிட்டர் வேலை. வேலையில் இருந்த காலத்தில் கம்பெனி டீமுக்கு லெஃப்ட் ஹாஃப், அதாவது நடுவில் இடது பக்கம், ஆடியவன். ஓய்வு பெற்ற பிறகு தினமும் காலை ஐந்தரை மணிக்கு வியாசர்பாடி பக்கம் ஒரு மைதானத்தில் பையன்களுக்கு ஃபுட்பால் சொல்லித் தருகிறேன். காசு வாங்குவதில்லை. முப்பது பேர் வருவார்கள். அதில் ஒருவன் இந்த அம்மாவின் மகன். பதினாறு வயது, பிளஸ் ஒன் படிக்கிறான். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், அம்மா இரண்டு வீடுகளில் சமையல் வேலை செய்கிறார்.

"அண்ணா, இத கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க, எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு" என்று ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினார். உள்ளே மூன்று தாள். பையனை ஸ்பெயினில் மூன்று வார டிரையல்ஸுக்கு, அதாவது கிளப்பில் சேர்க்கலாமா என்று ஆடவிட்டுப் பார்க்கும் தேர்வுக்கு, அழைக்கிறார்களாம். எந்தக் கிளப் என்று தேடிப் பார்த்தேன். 'மூன்றாம் டிவிஷன் கிளப்' என்று மட்டும் இருந்தது, பெயர் இல்லை. கிளப்பின் விலாசமோ, அங்கே யாரைக் கேட்பது என்பதோ இல்லை. மூன்று தாளிலும் ஒரே இடத்தில், ஒரே சாய்வில், ஒரே நீல முத்திரை. கையால் குத்தினால் அப்படி விழாது, கம்ப்யூட்டரில் ஒட்டியது. கடைசித் தாளில்தான் தெளிவாக ஒரு விஷயம் இருந்தது: மொத்தம் நாலரை லட்சம், முன்பணம் அறுபதாயிரம், திருப்பித் தரப்படாது.

"முன்பணம் கட்டிட்டீங்களாம்மா?" என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. கை தானாகக் கழுத்துக்குப் போனது. செயின் இல்லை. மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது.

அப்புறம்தான் உங்கள் கட்டுரையை எடுத்துக் காட்டினார். "பேப்பர்லயே போட்டிருக்காங்களே அண்ணா, இவங்கள்லாம் ஏழைப் பசங்கதானாம், வெளிநாடு போய்த்தான் பெரிய ஆளாயிட்டாங்களாம்." ஏஜென்ட்தான் அந்தப் பக்கத்தைக் கொடுத்து, 'உங்க பையனும் இவங்கள மாதிரிதான்' என்றிருக்கிறார். நீங்கள் பொய்யாக எதுவும் எழுதவில்லை. ஆனால் அவர்கள் எப்படிப் போனார்கள் என்பதை எழுதவில்லை. அந்த இடைவெளியில்தான் ஏஜென்ட் வந்து உட்கார்ந்துகொண்டார்.

எப்படிப் போவார்கள் என்று சொல்ல நமக்குத் தெரிந்த ஒருவரையே எடுத்துக்கொள்கிறேன். 2014-ல் இந்தியன் சூப்பர் லீக்கில் நம்ம சென்னையின் அணிக்கு ஆட வந்த பிரேசில்காரர் எலானோ. நேரு ஸ்டேடியத்தில் கேரளாவுடன் நடந்த முதல் ஹோம் மேட்சுக்கு என் பழைய டீம் ஆட்கள் நாலு பேரோடு போயிருந்தேன். எல்லோரும் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் அவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து அவர் காலுக்கு வருவதற்குள் இரண்டு தடவை தலையைத் திருப்பிவிடுவார். ஒரு தடவை வலது தோளுக்கு மேல், ஒரு தடவை இடது தோளுக்கு மேல். பின்னால் யார் வருகிறான், எந்தப் பக்கம் இடம் காலி என்று பார்த்து முடித்த பிறகுதான் பந்து வரும். அதனால் வந்த பந்தை நிறுத்திவைத்து யோசிக்கிற வேலையே அவருக்கு இல்லை, முதல் தொடுதலிலேயே திரும்பிவிடுவார். அன்று பெனால்டியில் ஒரு கோல் போட்டார், 2-1 என்று ஜெயித்தோம். ஆனால் எனக்கு மறக்காமல் நிற்பது அந்தத் தலைத் திருப்பல்தான். மறுநாள் காலையிலிருந்து என் பையன்களுக்கு நான் சொல்லித் தரும் முதல் பாடமும் அதுதான். நடுவில் ஆடுகிறவனுக்கு நாலு பக்கமும் எதிரி. விங்கில் ஆடுகிறவனுக்குக் கோடு ஒரு காவல், இவனுக்கு அதுவும் கிடையாது.

அந்த சீசன் எட்டு கோல் போட்டு, மொத்த லீக்கிலும் அதிக கோல் அடித்தவர் என்ற பரிசை வாங்கினார். நடுக்கள ஆள் அதை வாங்குவது லேசான விஷயம் இல்லை. அடுத்த வருஷம் டிசம்பர் வெள்ளம் வந்து, சென்னையில் நடக்க வேண்டிய அரையிறுதியைப் புனேவுக்கு மாற்றினார்கள். எங்கள் தெருவில் கரண்ட் இருந்த ஒரே வீட்டில் பத்துப் பதினைந்து பேர் நின்றுகொண்டு பார்த்தோம். கொல்கத்தாவை 3-0 என்று அடித்தார்கள். அந்த வருஷம் கோப்பையும் வந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எலானோ பிறந்தது 1981-ல். முதல் முறையாக பிரேசிலை விட்டு வெளிநாட்டுக் கிளப்புக்குப் போனது 2005-ல், உக்ரைனின் ஷக்தார் டொனெட்ஸ்க்குக்கு. வயது 23. அதற்குள் சொந்த நாட்டில் சாண்டோஸ் கிளப்புக்கு ஆடி, 2002, 2004 என்று இரண்டு முறை பிரேசில் லீக் பட்டம் ஜெயித்தாகிவிட்டது. ஷக்தார்காரர்கள் அவரைத் தேடி வந்து, அவருடைய கிளப்புக்குப் பணம் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் யாருக்கும் கட்டவில்லை. அங்கிருந்து 2007-ல் மான்செஸ்டர் சிட்டி, 2009-ல் துருக்கியின் கலாட்டாசராய். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் ஆடிக் காட்டிய மேட்சுகள் இருக்கின்றன. 2006-ல் லண்டனில் அர்ஜென்டினாவுக்கு எதிராக பிரேசில் 3-0 என்று ஜெயித்த மேட்சில் இரண்டு கோல் இவருடையது. இங்கிலாந்துக்காரர்கள் அவர் பெயரைத் தெரிந்துகொண்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். 2010 உலகக் கோப்பையில் வட கொரியாவுக்கு ஒரு கோல், ஐவரி கோஸ்டுக்கு ஒரு கோல் என்று நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த ஐவரி கோஸ்ட் மேட்சிலேயே, பந்தைப் பறிக்க வந்த எதிராளியின் டாக்கிள் ஒன்று காலில் விழுந்து அடிபட்டது. அதோடு உலகக் கோப்பை முடிந்தது. கால் இறுதியில் பிரேசில் நெதர்லாந்திடம் தோற்றபோது இவர் வெளியேதான் இருந்தார். இருபத்தொன்பது வயதில், உச்சத்தில் இருக்கும்போது இப்படி. உங்கள் கட்டுரையில் சம்பளத்துக்குப் பக்கத்தில் இதுவும் இருந்திருக்க வேண்டும்.

நம் நாட்டுப் பெண் ஒருத்தியையும் சொல்கிறேன். பஞ்சாபின் மனிஷா கல்யாண். கேரளாவின் கோகுலம் அணிக்கு ஆடி, 2021-ல் பிரேசிலுக்கு எதிராக இந்தியாவுக்காக கோல் அடித்து, அதற்குப் பிறகு 2022-ல் சைப்ரஸின் அப்பொல்லான் அணிக்குப் போனவர். ஐரோப்பாவின் மகளிர் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிய முதல் இந்தியர். இவரும் இங்கே ஆடிக் காட்டிவிட்டுத்தான் போனார்.

அந்த அம்மாவுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க நேரம் இல்லை. அடுப்பில் வேலை வைத்துவிட்டு வந்தவர். அதனால் ஒரே ஒரு விதியைச் சொன்னேன். பதினெட்டு வயது ஆகாத பையனை வேறு நாட்டுக் கிளப் எதுவும் பதிவு செய்யக்கூடாது என்று உலக ஃபுட்பால் சம்மேளனமான ஃபிஃபா சட்டம் வைத்திருக்கிறது. பெற்றோர் வேறு வேலையாக அந்த நாட்டுக்கே குடிபோவது, ஐரோப்பிய நாடுகளுக்குள்ளேயே பதினாறு வயதுக்கு மேல் மாறுவது என்று சில விலக்குகள் உண்டு. வியாசர்பாடிப் பையன் எவனும் அதில் வரமாட்டான். ஸ்பெயினின் பார்சிலோனா கிளப்பே இந்தச் சட்டத்தை மீறி மாட்டிக்கொண்டது. 2014-ல் தண்டனை கொடுத்தார்கள். 2015-ல் அந்தக் கிளப் அர்டா துரான் என்ற துருக்கி நடுக்கள ஆட்டக்காரரை வாங்கியும், 2016 ஜனவரி வரை களத்தில் இறக்க முடியவில்லை. அவ்வளவு பெரிய கிளப்புக்கே இந்த கதி என்றால், பெயரில்லாத மூன்றாம் டிவிஷன் கிளப் பதினாறு வயதுப் பையனை எப்படிச் சேர்க்கும்?

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அந்த பையன் போய்ட்டு வந்தானே?" என்றார்.

உண்மைதான், போய் வந்தான். அவன் கதை எங்கள் பகுதியில் பாதிதான் தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால் என்னிடம் ஆடிய இன்னொரு பையன் இதே மாதிரி பணம் கட்டிப் போனான். ஏர்போர்ட்டில் எடுத்த போட்டோவை எல்லோரும் பார்த்தார்கள். அங்கே நடந்ததை என்னிடம் மட்டும்தான் சொன்னான். சுற்றுலா விசாவில் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒரு அறையில் எட்டுப் பேர். எல்லோரும் அவனைப் போலவே பணம் கட்டி வந்த பையன்கள். வாடகைக்கு எடுத்த புல்தரையில் அவர்களுக்குள்ளேயே இரண்டு டீம் பிரித்து ஆடவிட்டு வீடியோ எடுத்தார்கள். கிளப் ஆள் என்று யாரும் வரவில்லை. மூன்றாவது வாரம் ஒரு சர்டிஃபிகேட் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வந்த பிறகு மூன்று மாதம் மைதானத்துப் பக்கமே அவன் தலைகாட்டவில்லை. கேட்டால் 'முட்டி வலி மாஸ்டர்' என்பான். முட்டியில் ஒன்றும் இல்லை என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். இப்போது கூரியர் கம்பெனியில் பார்சல் போடுகிறான். அவன் அப்பா வாங்கிய கடன் இன்னும் முடியவில்லை.

அன்றைக்கு நான் இதை ஊருக்குச் சொல்லியிருந்தால், அந்த அம்மா செயினை அடகு வைத்திருக்க மாட்டார். பையனுக்கு அவமானம் என்று வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். அந்த உறுத்தல் எனக்கு இருக்கிறது.

ஆசிரியர் ஐயா, அந்தக் கட்டுரை வந்த அதே இடத்தில், அதே அளவில் இதையும் எழுதுங்கள். 2023-லிருந்து ஆட்டக்காரர்களுக்கான ஏஜென்டுகள் ஃபிஃபா நடத்தும் பரீட்சையில் பாஸாகி உரிமம் வாங்க வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பெயர்கள் ஃபிஃபாவின் இணையத்தளத்தில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆட்டக்காரனுக்கு ஒப்பந்தம் வாங்கிக் கொடுத்து, அந்தச் சம்பளத்தில் ஒரு பங்கு எடுத்துக்கொள்வதுதான் ஏஜென்டின் வருமானம். ஒப்பந்தமே இல்லாத பையனின் வீட்டில் லட்சக்கணக்கில் கேட்கிறவர் ஏஜென்ட் வேலை பார்க்கவில்லை, டூர் நடத்துகிறார். நாடு விட்டு நாடு மாற, இங்குள்ள ஃபுட்பால் சம்மேளனத்திலிருந்து மாற்றுச் சான்றிதழ் போக வேண்டும். அதைக் கேட்க வேண்டியதும் அந்த நாட்டுச் சம்மேளனம்தான். வீட்டு வாசலில் வந்து நிற்கிற ஆள் கையில் அது இருக்காது.

இன்னொன்றும் நம் ஆட்களுக்குத் தெரிய வேண்டும். ஒப்பந்தக் காலத்துக்குள் ஒருவனை வேறு நாட்டுக் கிளப் விலை கொடுத்து வாங்கினால், அந்தத் தொகையில் 5 சதவீதத்தை, 12 வயதிலிருந்து 23 வயது வரை அவனுக்குப் பயிற்சி கொடுத்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தர வேண்டும். அதாவது, பையன் வெளிநாடு போனால் பணம் அங்கிருந்து இங்கே வர வேண்டும். ஆனால் எந்த வருஷம் எந்தக் கிளப்பில் பதிவாகியிருந்தான் என்ற கணக்கு ஒழுங்காக இருந்தால்தான் அது வரும். என்னிடம் வரும் முப்பது பேரில் பாதிப் பேர் எங்கேயும் பதிவாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் டோர்னமென்ட் ஆடிக் கோப்பை வாங்கி வருவார்கள், அதற்கு எந்தக் கணக்கும் கிடையாது. இது எங்கள் பக்கத்துத் தப்பு. இந்த மாதம் அந்த ஃபாரங்களை எல்லாம் நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.

இந்தப் பகுதியிலிருந்து ஒருவன் மேலே வர முடியாது என்று நான் சொல்லவில்லை. 2018 மார்ச் 13-ஆம் தேதி நேரு ஸ்டேடியத்தில் கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் இரண்டாவது கோலை அடித்த தன்பால் கணேஷ் வியாசர்பாடிக்காரர், நடுக்களத்தில் ஆடியவர். அந்த வருஷம் சென்னை மறுபடியும் சாம்பியன் ஆனது. அந்த அரையிறுதி நடந்த இரவு எங்கள் தெருக்களில் வெடித்த பட்டாசு தீபாவளிக்குக் கூட வெடித்ததில்லை. அவர் நம் ஊர் மைதானங்களில் ஆடி வளர்ந்தவர். லோக்கல் லீக் மேட்சுகளின் ஸ்கோரையாவது வாரத்துக்கு ஒரு முறை நாலு வரி போடுங்கள். பெயர் பேப்பரில் வந்தால் பையனும் ஆடுவான், வீட்டிலும் ஆட விடுவார்கள்.

அந்த அம்மாவும் நானும் ஏஜென்டின் ஆபீஸுக்குப் போய்வந்தோம். அறுபதாயிரத்தைத் தர மாட்டார்களாம், தாளில் எழுதியிருக்கிறதே என்கிறார்கள். போலீஸில் மனு கொடுத்திருக்கிறோம். பையன் இன்னும் தினமும் ஐந்தரைக்கு வந்துவிடுகிறான். ஸ்பெயினைப் பற்றி அவனும் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை. போன வாரம் பந்து வருவதற்குள் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிப் பார்த்தான், நான் சொல்லாமலே.

வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு அவனுக்கு மேட்ச் இருக்கிறது. உங்கள் நிருபர் ஒருவரை அனுப்ப முடியுமா? எட்டாம் நம்பர் பனியன், நடுவில் இடது பக்கம்.

இப்படிக்கு,
பெரம்பூர் வாசகர், சென்னை-11
(அந்தக் குடும்பத்தை யாரும் அடையாளம் கண்டுகொள்ளக்கூடாது என்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)