தேநீர்ச் சங்கங்கள் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

பணிபுரியும் பெண்களின் சங்கம் என்றாலே தேநீர், பூச்செண்டு, குழுப் படம் என்று எண்ணிவிடுகிறோம். அவற்றின் தொடக்கம் அப்படியல்ல. அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை கிடைத்தது 1920-ல். அதற்கு முந்தைய ஆண்டே பஃபலோ நகரில் பத்திரிகையாளர் மேரியன் டி ஃபாரஸ்ட் முன்னின்று பணிபுரியும் பெண்களுக்கான சோண்டா சங்கத்தைத் தொடங்கிவிட்டார். அதே 1919-ல் வழக்கறிஞர் லீனா மேட்சின் பிலிப்ஸ் தொழில்முறைப் பெண்களுக்கான தேசியக் கூட்டமைப்பை உருவாக்கினார். 1930-ல் ஜெனீவாவில் அது பன்னாட்டு அமைப்பாக விரிந்தது. விமானி அமீலியா ஏர்ஹார்ட்டும் சோண்டா உறுப்பினர்தான்.

தனிச் சங்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவம். கலிபோர்னியாவின் டுவார்ட்டே ரோட்டரி சங்கம் 1977-ல் மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டது. ரோட்டரியில் அப்போது ஆண்களுக்கு மட்டுமே இடம்; தலைமை அமைப்பு அந்தச் சங்கத்தையே நீக்கியது! அவர்கள் அசரவில்லை, ‘முன்னாள் ரோட்டரி சங்கம்’ என்று பெயர் வைத்துக்கொண்டு கூடினார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் பெண்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது 1987-ல். வேலைவாய்ப்பும் வணிக அறிமுகமும் கைமாறும் அந்த மேசையில் ஒரு நாற்காலி கிடைக்கப் பத்தாண்டுப் போராட்டம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி