ஹெடர் வாங்கும் முன் ஆர்பிஎம்மைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோலாலம்பூரில் எஞ்சினின் பவரைக் கூட்ட நினைக்கும் நம் பிள்ளைகள் பலர் முதலில் கை வைப்பது எக்ஸாஸ்ட் ஹெடரில்தான், அதாவது சிலிண்டர்களின் புகையை வாங்கி ஒன்றாகச் சேர்க்கும் குழாய்களில். கடையில் தொங்குவதில் எது பருமன், எது பளபளப்பு என்று பார்த்து வாங்கிவிடுகிறார்கள். பிறகு ஜாலான் ஈப்போ நெரிசலில் காடி முன்பைவிட மந்தமாக இழுக்கிறது. எஞ்சின் அன்றாடம் எந்த ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) ஓடுகிறதோ, அதற்கேற்ற ஹெடரைத்தான் எடுக்க வேண்டும். நகரத்தில் ஓடும் காடிக்கு அது பெரும்பாலும் 1500-க்கும் 4000-க்கும் இடையில்தான் இருக்கும்.

புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் பாயும் அழுத்த அலை, குழாய்கள் சேரும் இடத்தை எட்டியதும், அங்கிருந்து ஓர் உறிஞ்சும் அலை வால்வை நோக்கித் திரும்புகிறது. காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தக் கணத்தில் அது வந்து சேர்ந்தால், சிலிண்டரில் மிஞ்சிய புகையை வெளியே இழுத்துப் புதுக் காற்றுக்கு இடம் கொடுக்கும். குழாய் நீண்டால் இந்தப் பலன் கீழ் ஆர்பிஎம்மில் கிடைக்கும். குட்டையானால் மேலே போய்விடும். பருமன் கூடினாலோ புகையின் வேகம் குறைந்து கீழ் இழுவை போய்விடும்.

ஆகவே வேலைக்கும் வீட்டுக்கும் ஓடும் 4 சிலிண்டர் காடிக்கு, நான்கு குழாய்கள் இரண்டாகி, பிறகு ஒன்றாகும் 4-2-1 வகையே நல்லது. 1.3 முதல் 1.5 லிட்டர் எஞ்சினுக்கு, எஞ்சினை ஒட்டிய முதல் நான்கு குழாய்களின் விட்டம் 35 முதல் 38 மில்லிமீட்டர், 1.6 லிட்டருக்கு 38 முதல் 41 மில்லிமீட்டர் போதும். வால்வுகளைத் திறக்கும் கேமை மாற்றி, சிலிண்டர்களின் மேல்பகுதியான ஹெட்டிலும் வேலை செய்து, சிப்பாங் பந்தயத் தடத்தில் 7000 ஆர்பிஎம் வரை முறுக்குகிறவர்களுக்கு, நான்கும் நேரே ஒன்றாகும் 4-1 பொருந்தும். கடையிலேயே குழாய்களை விரலால் தொடர்ந்து பாருங்கள். சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-3-4-2 என்றால் 1-உம் 4-உம் ஒரு ஜோடி, 2-உம் 3-உம் மறு ஜோடி. 1-உம் 2-உம் சேர்ந்திருந்தால் அது வேண்டாம். ஒன்றின் அழுத்தம் அடுத்ததைத் தள்ளும்.

துருப்பிடிக்காத 304 எஃகு, சூட்டில் சாதா எஃகைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும். எஞ்சினோ கிளட்ச் விடும்போதெல்லாம் முன்னும் பின்னும் அசைகிறது. ஹெடருக்குப் பின் வளைந்து கொடுக்கும் ஃப்ளெக்ஸ் பைப் இல்லாமல் இறுக்கிக் கட்டினால், ஹெட்டோடு பொருத்தும் தட்டான ஃபிளேஞ்சை ஒட்டிய வெல்டிங்கில் விரிசல் விழும். ஃபிளேஞ்ச் 10 மில்லிமீட்டர் தடிப்பு இருந்தால் நல்லது. அதன் மீது நேர்க்கோல் ஒன்றை வைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். நடுவில் ஒளி தெரிந்தால் வெல்டிங் சூட்டில் வளைந்திருக்கிறது, சமன் செய்யாமல் மாட்டினால் இடையில் வைக்கும் கேஸ்கெட் வழியே புகை கசியும். ஃபிளேஞ்சின் துளை, ஹெட்டில் புகை வெளிவரும் போர்ட்டைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கலாம், சிறிதாக இருக்கவே கூடாது. சாதா எஃகுக் குழாயில் வெப்பத் துணி சுற்றுவதை நான் ஆதரிப்பதில்லை. நம் மழையில் ஈரம் உள்ளே தங்கி அரித்துவிடும்.

புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சாரை நான்கு குழாயும் சேர்ந்த பிறகு, மேல் பக்கம் சாய்வாகப் பொருத்த வேண்டும். கீழே வைத்தால் நீர் தேங்கிக் கெடும். அதற்கு முன்னால் சிறு கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே புகும். எஞ்சினின் கணினியான ஈசியு, கலவை மெலிந்துவிட்டதாக (பெட்ரோல் போதவில்லை என்று) எண்ணிப் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகும். "ஹெடர் போட்டதும் பெட்ரோல் தின்கிறது" என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். கசிவை அடைக்கச் சாதாரண சிலிக்கான் பூசினால் சென்சாரும் பாழாகும்.

இன்டேக் பக்கக் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை வைத்துக் காற்றைக் கணக்கிடும் எஞ்சின்களில் இன்னொன்றும் உண்டு. முழு ஆக்ஸிலரேட்டரில் ஈசியு ஆக்ஸிஜன் சென்சார் சொல்வதைக் கேட்காது, பழைய கணக்கில்தான் பெட்ரோல் விடும். கலவையைத் துல்லியமாக அளக்கும் வைட்பேண்ட் சென்சார் வைத்து அளந்து டியூன் செய்யாவிட்டால் கலவை மெலிந்து, சிலிண்டருக்குள் தட்டுவது போன்ற நாக்கிங் வரலாம். டர்போ காடிக்கும், மெனிஃபோல்ட் ஹெட்டோடு சேர்த்தே வார்க்கப்பட்ட எஞ்சினுக்கும் இந்த ஹெடர் பேச்சே இல்லை.

புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்றிவிடச் சொல்லும் கடைகளும் இருக்கின்றன. கழற்றினால் புகைச் சோதனையில் சிக்கிக்கொள்வீர்கள். சத்தத்துக்கு 1987-ஆம் ஆண்டு இரைச்சல் விதிமுறைகள் தனி.

ஹெடரை மாட்டும்போது எம்8 (8 மில்லிமீட்டர்) நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, ஏறக்குறைய 20 முதல் 25 நியூட்டன் மீட்டரில் இறுக்கலாம். மேனுவல் வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். சில நாள் ஓடிய பின், எஞ்சின் நன்றாக ஆறியபின் மறுபடி இறுக்க வேண்டும்.

கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். குழாயின் வெளி விட்டம், தடிப்பு, நீளம், எஃகின் வகை, இந்த நான்கையும் ரசீதில் எழுதிக் கொடுங்கள். பவர் கூடும் என்று சொல்லி விற்பவர்கள், மாட்டும் முன்னும் பின்னும் பவரை அளக்கும் ஒரே டைனோ இயந்திரத்தில் எடுத்த தாளையும் சேர்த்துக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
எஞ்சின் பட்டறைக்காரர் ஒருவர்,
செந்தூல், கோலாலம்பூர்