‘கேஸ்தானே’ என்று கொடுத்த மாத்திரைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் வயிறு உப்புசத்துக்கு வீட்டு வைத்தியம் என்று அரைப் பக்கம் வெளியிட்டிருந்தீர்கள். ஓமத் தண்ணீர், சீரக வெந்நீர், சுக்குக் கஷாயம், பெருங்காயம் கலந்த மோர். எல்லாம் நல்லதுதான். எங்கள் அம்மா மொச்சை வேகவைத்தால் பெருங்காயம் போடாமல் இறக்கவே மாட்டாள். ஆனால் அந்தப் பக்கம் முழுக்கத் தேடியும் ஒரு வரி கிடைக்கவில்லை. இதையெல்லாம் எத்தனை நாளைக்குக் குடித்துப் பார்க்கலாம், எப்போது டாக்டரிடம் போயே ஆக வேண்டும் என்ற வரி. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் கோவில்பட்டியில் 31 வருடமாக மருந்துக் கடை வைத்திருக்கிறேன். காய்ச்சல், தலைவலிக்கு அடுத்தபடியாக என் கடையில் அதிகம் கேட்கப்படுவது, “அண்ணாச்சி, கேஸுக்கு ஒண்ணு குடுங்க” என்பதுதான். அந்த ஒரு சொல்லுக்குள் என்னென்னவோ இருக்கும். நெஞ்செரிச்சல்காரரும் கேஸ் என்பார். நாலு நாளாக மலம் கழிக்காதவரும் கேஸ் என்பார். கல்யாண வீட்டில் பந்திக்கு முந்தி அள்ளிப் போட்டவரும் அதையேதான் சொல்வார். நாங்களும் மேற்கொண்டு கேட்பதில்லை. வயிற்றில் அமிலம் சுரப்பதைக் குறைக்கும் மாத்திரை ஒரு அட்டையை எடுத்து நீட்டிவிடுவோம். டாக்டர் சீட்டு இருந்தால்தான் கொடுக்க வேண்டிய மாத்திரை அது. நெஞ்செரிச்சலுக்கும் இரைப்பைப் புண்ணுக்கும் நல்ல மருந்து. குடலில் காற்று சேர்வதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வருடக் கணக்கில் விழுங்குகிறவர்களுக்கு உடம்பில் பி12 சத்தும் மெக்னீசியமும் குறையவும் வாய்ப்பு உண்டு.

காற்று உண்டாவது நோய் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நல்ல ஆரோக்கியமான மனிதருடைய குடலிலும் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை வாயு உண்டாகும். 10, 15 தடவை பிரியும். பருப்பு, மொச்சை, கொண்டைக்கடலையில் உள்ள சில சர்க்கரைகளை உடைப்பதற்கு மனிதக் குடலில் நொதி கிடையாது. அவை அப்படியே பெருங்குடலுக்குப் போகும், அங்கே இருக்கிற பாக்டீரியா அவற்றைப் புளிக்க வைக்கும், காற்று வரும். ராத்திரி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குழைய வேகவைத்தால் பாதித் தொல்லை போய்விடும். முளைகட்டினால் இன்னும் குறையும். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். அதே ஆட்களுக்குத் தயிரும் மோரும் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது; பாலில் உள்ள சர்க்கரையில் ஒரு பங்கை உறை மோரே தின்றுவிடுகிறது. ஏப்பம் வரட்டும் என்று சோடா குடிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். அந்த ஏப்பம் சோடாவோடு உள்ளே போன காற்றுதான்.

இன்னொன்று, எங்கள் கடையிலிருந்தே போகிறது. சர்க்கரை நோய்க்கு வோக்லிபோஸ் கலந்த மாத்திரை பலருக்கு எழுதுகிறார்கள். சோற்றில் உள்ள மாவுச்சத்து சீக்கிரம் உடையாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. உடையாமல் மிஞ்சுகிற மாவுச்சத்து பெருங்குடலில் போய்ப் புளிக்கும், வயிறு உப்பும். மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் சிலருக்கும் ஆரம்பத்தில் இப்படி இருக்கும். ஒரு கையில் வோக்லிபோஸையும் மறு கையில் கேஸ் மாத்திரையையும் பல வருடம் நானே சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். சர்க்கரை மாத்திரையை யாரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. ஆனால், “இதைச் சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து வயிறு உப்புகிறது” என்று டாக்டரிடம் சொன்னால் அவர் அளவை மாற்றுவார், அல்லது வேறு மாத்திரை தருவார். இரும்புச்சத்து மாத்திரை மலச்சிக்கலைக் கொண்டுவந்து, அதனால் வயிறு உப்புவதும் உண்டு.

அப்புறம் ஜவுளிக் கடைப் பிள்ளைகள். இவர்களைப் பற்றி யாருமே எழுதுவதில்லை. ராத்திரி ஒன்பதரைக்குக் கடை அடைத்ததும் நாலைந்து பேராகச் சேர்ந்து வருவார்கள். 19, 20 வயது. சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர்கள். வாரத்துக்கு ஒருத்தியாவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “அண்ணாச்சி, கேஸுக்கு” என்பாள். ஒரு நாள் ஒரு பிள்ளையை நிறுத்தி விசாரித்தேன். காலை ஒன்பது மணியிலிருந்து நிற்கிறாள். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கால் மணி நேரம். அதற்குள் டப்பாவைத் திறந்து, விழுங்கி, கழுவிவிட்டு ஓட வேண்டும். கழிப்பறை மொட்டை மாடியில். போகும்போதெல்லாம் சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும். அந்த ஆள் ஆண். அதனால் காலையில் வீட்டிலிருந்து புறப்பட்ட பிறகு தண்ணீரே குடிப்பதில்லையாம். “தண்ணி குடிச்சாத்தான அண்ணாச்சி போணும்” என்றாள். காலையிலும் ஏழரை மணி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் வெளிக்குப் போவதில்லை. மூன்று நாளுக்கு ஒரு தடவை, அதுவும் கஷ்டப்பட்டு.

இந்தப் பிள்ளையின் வயிறு உப்பாமல் என்ன செய்யும்? அவசரமாக விழுங்கும்போது சோற்றோடு காற்றும் உள்ளே போகிறது. அடக்கி அடக்கி மலம் இறுகி நிற்கிறது. அதற்குப் பின்னால் காற்று தேங்குகிறது. இவளுக்கு நான் எந்த மாத்திரையைக் கொடுக்க? கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று நம் மாநிலத்தில் 2021-ல் சட்டம் கொண்டுவந்தார்கள். பெரிய விஷயம். நம் ஊர்க் கடைகள் சிலவற்றில் ஸ்டூல் வந்திருப்பதைப் பார்த்தேன். சாப்பிட அரை மணி நேரமும், யாரிடமும் கேட்காமல் கழிப்பறைக்குப் போய்வரும் உரிமையும் சேர்த்துக் கொடுத்தால் என் கடையில் கேஸ் மாத்திரை விற்பது பாதியாகக் குறையும். குறையட்டும். முதலாளிமார் இதைப் படித்தால் தயவுசெய்து யோசியுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை வயதுதான் அவர்களுக்கும்.

இனி என் அக்கா கதை.

என்னைவிட ஆறு வயது மூத்தவள். 2022 ஐப்பசியில், தீபாவளி முடிந்த கையோடு கடைக்கு வந்தாள். “தம்பி, வயிறு திம்முனு இருக்குடா. ரெண்டு வாய் சாப்பிட்டதுமே நெறைஞ்சு போவுது.” பலகாரம் தின்றதாக இருக்கும் என்று நினைத்து ஒரு அட்டை கொடுத்தேன். பத்து நாள் கழித்து இன்னொன்று. தம்பி கடையாக இருந்தாலும் காசு கொடுக்காமல் வாங்க மாட்டாள். மாசக் கடைசியில் தருகிறேன், நோட்டில் எழுது என்பாள். எழுதி வைத்தேன். மார்கழியில் என் மனைவி, “உங்க அக்கா சட்டையெல்லாம் கையில தொளதொளன்னு கெடக்கு, பாவாடை நாடா மட்டும் எட்ட மாட்டேங்குது” என்று என்னிடம் சொன்னாள். கை மெலிகிறது, வயிறு பெருக்கிறது. மருந்துக் கடைக்காரனான எனக்கு அங்கேயே மண்டையில் அடித்திருக்க வேண்டும். “வயசானா அப்படித்தான்” என்றேன். அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டியிருக்கிறது என்று அவள் சொன்னபோது சர்க்கரை பார்த்தேன். சர்க்கரை இல்லை. அதோடு விட்டுவிட்டேன். அதற்கு முந்தின வருடம்தான் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனை எடுத்து ஒன்றுமில்லை என்று வந்திருந்தது. அந்தத் தைரியமும் ஒரு காரணம். அந்தச் சோதனையில் சினைப்பையில் உள்ளது தெரியாது என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

மாசி மாதம் குலதெய்வம் கோவிலுக்குப் போய்விட்டு வந்தவளுக்கு மூச்சு வாங்கியது. அப்போதுதான் அழைத்துக்கொண்டு போனோம். அந்த டாக்டர் ஸ்கேனுக்கு எழுதுவதற்கு முன்பே அவளைப் படுக்கவைத்து விரலால் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். நடுவில் தட்டினால் மேளம் மாதிரி கேட்டது. இரண்டு விலாப் பக்கமும் மண்மூட்டையைத் தட்டுவது போல மொத்தென்று இருந்தது. ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி மறுபடி தட்டினார். சத்தம் இடம் மாறியது. என்னைப் பார்த்து, “இது காத்து இல்லங்க, தண்ணி” என்றார். நாலு மாதமாக நான் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்த விஷயத்தை அவர் இரண்டு விரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார்.

மதுரைக்குப் போனோம். சிஏ 125 என்று ஒரு ரத்தச் சோதனை. 35-க்குள் இருக்க வேண்டியது ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. வயிற்றுக் காசநோயிலும் இந்த எண் ஏறும் என்பதால் வயிற்றுத் தண்ணீரை எடுத்துச் சோதித்துத்தான் உறுதி செய்தார்கள். சினைப்பைப் புற்றுநோய், மூன்றாம் நிலை. இந்த நோயை ஆரம்பத்தில் கண்டுபிடிப்பது அரிது, பெரும்பாலும் பரவிய பிறகுதான் வருகிறார்கள் என்று அங்கே சொன்னார்கள். எனக்கு ஆறுதலாகச் சொன்னார்களோ என்னவோ. கீமோ கொடுத்தார்கள், ஆபரேஷன் செய்தார்கள், மறுபடியும் கீமோ. 14 மாதம் இருந்தாள். 2024 சித்திரையில் போய்விட்டாள். காரியமெல்லாம் முடிந்து கடைக் கணக்கு நோட்டை எடுத்துப் புரட்டினேன். ஐப்பசி முதல் மாசி வரை அக்கா பெயரில் 11 அட்டை. எல்லாம் என் கையெழுத்து.

நாலு மாதம் முந்திப் போயிருந்தால் பிழைத்திருப்பாளா என்று யாராலும் சொல்ல முடியாது. அத்தானும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் அந்த நாலு மாதம் அவளுடையது, நான் எடுத்துக்கொண்டேன்.

வயிறு உப்பிய எல்லாருக்கும் புற்றுநோய் என்று பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. நூற்றில் பெரும்பாலானோருக்குச் சாப்பாடும் மலச்சிக்கலும் அவசரமும்தான் காரணம். நாலு வாய் மென்று தின்று, வேளைக்குத் தண்ணீர் குடித்து, சாப்பிட்டதும் படுக்காமல் தெருக்கோடி வரை நடந்துவிட்டு வந்தாலே சரியாகிவிடும். உணவுப் பழக்கத்தால் வருகிற உப்புசம் வரும், போகும். காலையில் வயிறு காலியாக இருக்கும், சாயங்காலம் ஊதும். வந்தது வடியாமல் அப்படியே நிற்கிறதென்றால் அது வேறு. 50 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு முன்பு இல்லாத உப்புசம் புதிதாக வந்து, மாதத்தில் 12 நாளுக்கு மேல் இருந்தால், கொஞ்சம் சாப்பிட்டதும் நிறைந்துபோனால், அடிவயிறு வலித்தால், அடிக்கடி ஒன்றுக்கு வந்தால், ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். ஆணோ பெண்ணோ, எடை குறைந்தாலும், மலத்தில் ரத்தம் போனாலும், கண் மஞ்சளித்தாலும் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடக் கூடாது. மேல்வயிறு அடைக்கிறது, வேர்த்துக் கொட்டுகிறது, கை அல்லது தாடை வரைக்கும் இழுக்கிறது என்றால் அதைக் கேஸ் என்று நினைத்து சோடா குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். அது மாரடைப்பாக இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு நெஞ்சு வலியே இல்லாமலும் வரும்.

இப்போது என் கடையில் கேஸ் என்று யார் வந்தாலும் நாலு கேள்வி கேட்கிறேன். எத்தனை நாளாக? வெளிக்கு ஒழுங்காகப் போகிறதா? துணி தொளதொளத்திருக்கிறதா? வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? இரண்டு வாரத்துக்கு மேல் என்றால் மாத்திரை தருவதில்லை. அரசு ஆஸ்பத்திரியில் எந்தக் கிழமை எந்த டாக்டர் பார்ப்பார் என்று எழுதிக் கொடுக்கிறேன். கோபப்பட்டுப் பக்கத்துக் கடைக்குப் போகிறவர்கள் உண்டு. அங்கே கேட்காமலே கிடைக்கும். அதனால் என் சக மருந்துக் கடைக்காரர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: இரண்டாவது அட்டை வாங்க வருகிறவரிடமாவது இந்த நாலு கேள்வியைக் கேளுங்கள்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். இனி வயிற்றுக் கோளாறுக்கு வீட்டு வைத்தியம் போடும்போதெல்லாம், அதற்குக் கீழே ஒரு சின்னக் கட்டம் கட்டி, எப்போது டாக்டரிடம் போக வேண்டும் என்பதையும் அச்சிடுங்கள். ஓமத் தண்ணீர் பற்றிய உங்கள் பக்கத்தைக் கத்தரித்து ஒரு அம்மா என் கடைக்கே கொண்டுவந்து காட்டினார்கள். அந்தக் கட்டமும் அதில் இருந்திருந்தால் அதையும் படித்திருப்பார்கள்.

அக்கா மகள் கேட்டுக்கொண்டதால் என் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு மருந்துக் கடைக்காரர்,
கோவில்பட்டி.