ஜனவரி மழையும் ஒரு பால்குடமும்

அன்புள்ள கயல்,

உன் மெசேஜ் வந்தது. மூன்று வரி. "தைப்பூசத்துக்கு வர்றேன்மா. மழை இருக்குமா? பால்குடம் ஒண்ணுக்குப் பதிஞ்சிடுங்க." வாட்ஸ்அப்பில் பதில் போட்டால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். அதனால் உட்கார்ந்து மின்னஞ்சலாகவே எழுதுகிறேன். மழையைப் பற்றித்தானே கேட்டாய், மழையைப் பற்றியே சொல்கிறேன்.

தைப்பூசம் இந்த முறை, 2026இல், பிப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை. மாதக் கணக்கு பார்க்கிறவர்களுக்கு அது சங்கடமான தேதி. வடகிழக்குப் பருவமழைக்கு இங்கே சிங்கப்பூரில் இரண்டு பாதி உண்டு. டிசம்பர், ஜனவரி ஈரப் பாதி. பிப்ரவரியும் மார்ச் முதல் வாரமும் காய்ந்த பாதி. இரண்டிலும் காற்று அதே வடகிழக்கிலிருந்துதான் வரும். மழைமேகப் பட்டை தெற்கே நகர்ந்துவிடுவதால் மேகம் மட்டும் நமக்கு நிற்காது. நீ கேட்கிற நாள் அந்தத் தையலின் மேலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது.

சாங்கி வானிலை நிலையத்தின் 1991 முதல் 2020 வரையிலான சராசரிப்படி டிசம்பருக்கு 332 மில்லிமீட்டர், மழை நாள் 19. ஜனவரிக்கு ஏறக்குறைய 222, மழை நாள் 13. பிப்ரவரிக்கு 105தான், 9 நாள். பன்னிரண்டு மாதத்திலும் மழை குறைந்தது பிப்ரவரிதான். 0.2 மில்லிமீட்டர் பெய்தாலே மழை நாள் என்று கணக்கில் எழுதிவிடுவார்கள். அதனால் 9 நாள் என்றதும் ஒன்பது நாளும் நனையவேண்டும் என்று நினைத்துக்கொள்ளாதே. காலையில் கிளம்பினால் நனையாமலே போய்ச் சேர்ந்துவிடலாம்.

ஆனால் சராசரியை அப்படியே நம்பிப் பெட்டி கட்டாதே. 222ஐ 31ஆல் வகுத்து, நாளுக்கு ஏழு மில்லிமீட்டர் என்று ஜனவரியில் பெய்வதில்லை. 2025 ஜனவரியில் 10, 11 இரண்டே நாளில் சாங்கியில் 255.2 மில்லிமீட்டர். மாதம் முழுவதற்கும் உரியதைவிட அதிகம். வடக்கே ஆசியாவில் குளிர் திரண்டு வெடித்துக் கிளம்பும்போது, அந்தக் காற்று தென்சீனக் கடல் முழுக்க ஈரத்தை அள்ளிக்கொண்டு இங்கே வந்து கொட்டும். ஒரு பருவத்துக்கு இரண்டிலிருந்து நான்கு முறை வரும், ஒவ்வொன்றும் இரண்டு நாளிலிருந்து ஐந்து நாள் நீடிக்கும். அந்த நாட்களில் பெரும்பாலும் இடி இருக்காது, மின்னல் இருக்காது. அழுது முடியாத குழந்தை மாதிரி சிணுங்கிக்கொண்டே இருக்கும். வெப்பம் 22, 23க்கு இறங்கிவிடும். அப்பா ஸ்வெட்டரைத் தேடுவார்.

இதற்கு நேர் எதிராகவும் நடந்திருக்கிறது. 2014இல் ஜனவரி 13இலிருந்து பிப்ரவரி 8 வரை மழை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. அந்த பிப்ரவரி முழுக்கச் சேர்த்துச் சாங்கியில் 0.2 மில்லிமீட்டர். புல்தரையெல்லாம் வைக்கோல் நிறமாகிவிட்டது, உனக்கே நினைவிருக்கும். அதே ஜனவரி, அதே பிப்ரவரி, அதே சராசரிதான். ஆகவே எந்த மாதத்தைச் சொன்னாலும் சராசரி எவ்வளவு, இந்த வருஷம் அதற்கு மேலா கீழா, எத்தனை நாளில் பெய்தது என்று மூன்றையும் கேட்கவேண்டும். ஒன்றை மட்டும் கேட்டுவிட்டுத் தலையாட்டுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

இன்னொன்று. சாங்கி இருப்பது இந்தத் தீவின் கிழக்கு ஓரம், மழை குறைவான பக்கம். வடக்கிலும் மேற்கிலும் கூடுதலாகப் பெய்யும். வடக்கே இருக்கிற நம் ஈசூனில் பெய்வதைச் சாங்கிக் கணக்கோடு ஒப்பிடுவதே சரியில்லை. கீழே சமூகத் தோட்டத்தில் வைத்திருக்கிறேனே, அந்த மழைமானியையும் முழுக்க நம்ப முடியாது. புனலின் குறுக்களவு 10 சென்டிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் எட்டு மில்லிலிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் தண்ணீர் விழும். முருங்கை கிளை பரப்பியதிலிருந்து இலைச் சொட்டும் சேர்ந்து விழுகிறது. தினமும் ஒரே நேரத்தில் அளந்து கொட்டாவிட்டால் வெயிலில் ஆவியாகிவிடும். போன மாதம் வெயில் கொளுத்திய ஒரு நாளில் 9 மில்லிமீட்டர் காட்டியது. பார்த்தால், கீரைக்குக் குழாய் பிடித்தவர் அதற்கும் ஒரு பங்கு கொடுத்திருக்கிறார்! வேலியோரம் திறந்த இடத்துக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் இருக்கிற மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ, அதைப்போல இரண்டு மடங்காவது தள்ளி இருக்கவேண்டும்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பால்குடம் என்று எழுதியிருக்கிறாய். பதிந்துவிடலாம், அது ஒன்றும் பெரிய காரியமில்லை. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லையா என்று அப்பா கேட்டார். ஜனவரிக் கடைசியில் காற்று பலமாக இருக்கும் என்று நான் சொன்னேன். அவர் பேசாமல் தமிழ் முரசு பேப்பரை விரித்துக்கொண்டார்.

நள்ளிரவிலேயே பால்குடங்கள் பெருமாள் கோயிலிலிருந்து கிளம்பிவிடும். நீ ஐந்து மணிக்குக் கிளம்பு. மழை வந்தால் குடத்தின் வாயைக் கவனி. மஞ்சள் துணியை மட்டும் கட்டினால் நீர் இறங்கிப் பால் தண்ணீராகும். துணிக்கு அடியில் வாழையிலைத் துண்டு ஒன்றை வைத்து, கழுத்தைச் சுற்றி நூலால் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிவிடு. குடத்தை வாய்வரை நிரப்பாதே, நாலு விரல்கடை விடு. நடையில் ததும்பினால் தோள் நனையும், பிசுபிசுக்கும். ஈரத்தில் எவர்சில்வர் வழுக்கும், அதனால் சும்மாட்டைக் கொஞ்சம் தடிப்பாகவே கட்டு. சாலையில் வெள்ளைக் கோடு போட்ட இடத்தில் கால் வைக்காதே. வெறுங்காலுக்கு மழைநாளில் அதைவிட மோசமான இடம் கிடையாது. மழை இல்லாவிட்டால் தொல்லை வேறு மாதிரி. காய்ந்த பாதியில் வானம் துடைத்த மாதிரி இருக்கும், பத்து மணிக்கெல்லாம் தார் சுடும். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல். எது எப்படியோ, ஐந்து மணிக்குக் கிளம்பு.

எத்தனை நாள் இருப்பாய் என்று நீ எழுதவில்லை. அது தெரிந்தால்தான் பிப்ரவரியோடு நிறுத்திக்கொள்வதா, மார்ச்சையும் சொல்வதா என்று எனக்குத் தெரியும். இரண்டு பெரிய பெட்டி, முப்பது முப்பது கிலோ என்று உன் தம்பியிடம் சொன்னாயாம். ஒரு வாரத்துக்கு அறுபது கிலோ எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவன்தான் கேட்டான். அவனை அதட்டிவிட்டேன்.

மார்ச்சுக்கு 152. மாதக் கடைசியில் காற்று ஓய்ந்துவிடும். ஏப்ரலும் மேயும் 164 ஒவ்வொன்றும். மழையைவிடப் புழுக்கம்தான் அப்போது ஆளைக் கொல்லும். மேதான் வருஷத்திலேயே சூடு, சராசரியே 28.6 டிகிரி. 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் 37 டிகிரி. 1983இல் தெங்காவில் பதிவானதை எட்டிப் பிடித்தது அது. மத்தியானம் வரைக்கும் வேகும், கடற்காற்று இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து முட்டிக்கொண்டதும் மூன்று மணிக்கு இடி விழும். துணியை இரண்டு மணிக்கே எடுத்துவிடவேண்டும். ஜூனில் 135. அதிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம், விடியுமுன் சுமத்ரா சூறைக்காற்று. உன் அந்த மடக்குக் குடை அதற்குத் தாங்காது, கம்பி பின்னால் மடங்கிக்கொள்ளும். பக்கத்தில் தீ மூட்டினால் புகைமூட்டமும் அப்போதுதான் வரும். செப்டம்பர் 125, அக்டோபர் 168, நவம்பர் 252. அப்புறம் மறுபடி டிசம்பர். ஏறக்குறைய எல்லா மாதமும் சொல்லிவிட்டேன். எந்த மாதம் வரை இருந்தாலும் உனக்குக் கணக்கு கையில் இருக்கும்.

உன் அறை ஜன்னல் வடகிழக்கைப் பார்த்தது. ஜனவரி மழை நேரே உள்ளே அடிக்கும். கட்டிலை உள்சுவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டேன். அலமாரியில் உன் பக்கத்தையும் காலி செய்துவிட்டேன். துண்டுகள் இந்த மாதங்களில் நாள் முழுக்கக் காயாது, வாடை அடிக்கும். மின்விசிறிக்குக் கீழே விரித்துப்போடத் தோதாக ஒரு கொடி கட்டியிருக்கிறேன். நீ கெட்டிக்காரி, எந்த ஊரிலும் சமாளிப்பாய் என்று எல்லோரிடமும் சொல்கிறவள்தான் நான். ஆனால் சமாளிக்கிறவள் வாரத்துக்கு ஒரு போனாவது போடலாம். பெர்த்துக்கும் இங்குக்கும் ஒரே நேரம். கடிகாரத்தைக்கூடத் திருப்பவேண்டியதில்லை. சின்னத்தை சொன்னதை மனசில் வைத்துக்கொண்டு இருக்கிறாயா? அவள் எல்லார் விஷயத்திலும் அப்படித்தான் பேசுவாள்.

இல்லை. சின்னத்தையின் பேச்சில்லை என்று எனக்குத் தெரியும்.

ஆகஸ்டில் ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட்டாய். "இங்க சரியில்லம்மா" என்றாய். அடுத்த வார்த்தையை நீ எடுப்பதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். பெர்த்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழைக்காலம், சூரியனைப் பார்க்காமல் மனசு சோர்ந்துபோகும், வெயில் வந்தால் சரியாகிவிடும் என்றேன். முதல் மூன்று வருஷம் எல்லா வீட்டிலும் இப்படித்தான், இதெல்லாம் வழக்கம்தான் என்றேன். எத்தனை நாளாக என்று கேட்கவில்லை. எவ்வளவு என்று கேட்கவில்லை. நீ "சரிம்மா" என்று வைத்துவிட்டாய். எனக்குக் கேட்கப் பயமாக இருந்தது, கயல். கேட்டால் நீ சொல்லிவிடுவாய் என்று பயம். மழையைப் பற்றிப் பேசினால் பேசிக்கொண்டே இருக்கலாம். இப்போதுகூட இத்தனை பக்கம் எழுதிவிட்டேன் பார்.

அங்கே வெயில் வந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது.

வழக்கம் என்பதே மாறிக்கொண்டிருக்கிற சங்கதி. 1981 முதல் 2010 வரைக்கான கணக்கில் இந்த ஊரின் சராசரி வெப்பம் 27.5 டிகிரி. 1991 முதல் 2020 வரைக்கு எடுத்தால் 27.8. அதற்கேற்ப எல்லாக் கணக்கையும் திருத்தி எழுதினார்கள். எனக்கு என் அம்மா சொன்ன வழக்கத்தையே நான் உனக்கும் சொல்லியிருக்கவேண்டாம்.

வந்ததும் ஒன்றும் சொல்லவேண்டாம். சொல்லத் தோன்றினால் சொல். நான் குறுக்கே பேசமாட்டேன். பேசினால் கையைப் பிடித்து நிறுத்து. அப்பாவிடம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

வானிலை ஆய்வகம் மாதத்துக்கு இரண்டு தடவை, அடுத்த இரண்டு வாரத்துக்கான முன்கணிப்பை வெளியிடும். ஜனவரி நடுவில் வருவதைப் பார்த்துவிட்டு உனக்கு அனுப்புகிறேன். டிக்கெட்டை அதற்காகத் தள்ளிப்போடாதே. மழையோ வெயிலோ, உனக்கு முடிகிற அன்றைக்கே கிளம்பி வா.

பால்குடம் இரண்டுக்குப் பதிந்திருக்கிறேன். ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு. முட்டியைப் பற்றி டாக்டர் சொன்னதை நீ எடுத்துக் காட்டுவாய், வேண்டாம். மெதுவாக நடப்போம். ஐந்து மணி என்று சொன்னேனே, நாலரைக்கே கிளம்பிவிடலாம்.

அம்மா