பல்லு புடுங்க போறவங்க எல்லாருக்கும் மாத்திரையா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

பல்லு வைத்தியம் பண்ணும்போது வாய்ல இருக்கற கிருமி ரத்தத்துல கலந்து ஹார்ட்டுக்கு போகும்னு போன வாரம் நம்ம பேப்பர்ல செய்தி வந்துச்சு. தப்புன்னு சொல்ல வரல, ஆனா யாருக்கு ஆபத்து, யாருக்கு இல்லங்கறத போடாமயே விட்டுட்டீங்க. அதோட பலன நான் கவுன்டர்ல பாக்கறேன். பெரம்பூர்ல மெடிக்கல் ஷாப் நடத்தறேன். "அண்ணே, நாளைக்கு பல்லு க்ளீனிங், ஹார்ட்டுக்கு சேஃப்டியா ரெண்டு அமாக்சிசிலின் குடுங்க"ன்னு, அந்த ஆன்டிபயாடிக் மாத்திரைக்காக வந்து நிக்கறாங்க, சீட்டு எங்கன்னு கேட்டா பேப்பர்லயே போட்டிருக்காங்கன்னு நம்ம பேப்பரையே காட்டறாங்க. சில பேர் க்ளீனிங்கே வேணாம்னு விட்டுட்டாங்க. ஏற்கனவே க்ளீன் பண்ணா பல்லு ஆடும்னு ஒரு பயம் நம்ம ஜனங்களுக்கு, இப்ப இதுவும் சேந்துக்கிச்சு.

கிருமி ரத்தத்துல போறதுக்கு டென்டிஸ்ட் சேர்ல போய் உக்காரவே வேணாம் சார். காலைல பிரஷ் பண்ணும்போதும் போகுது, முறுக்கு கடிக்கும்போதும் போகுது. 2008-ல அமெரிக்காவுல 290 பேர வெச்சு பாத்தாங்க, பல்லு புடுங்கினவங்கள்ல 60 சதவீதம் பேர் ரத்தத்துல கிருமி இருந்துச்சு, முன்னாடியே அமாக்சிசிலின் போட்டுக்கிட்டவங்கள்ல 33, வெறும் பிரஷ் பண்ணவங்கள்லயே 23. அதாவது மாத்திரை போட்டாலும் சுத்தமா நிக்கல. பல்லு புடுங்கறது எப்பயோ ஒரு தடவை, பிரஷ் பண்றது தெனமும், அப்ப வருஷக் கணக்குல எது பெருசுன்னு பாத்துக்கோங்க. அதுக்காக பிரஷ்ஷ தூக்கிப் போடக் கூடாது, ஈறுல அழுக்கு சேந்து வீங்கி ரத்தம் வர்ற வாய்லதான் கிருமி உள்ள போக வழி ஜாஸ்தி. ரத்தம் வருதுன்னு அந்தப் பக்கம் தேய்க்காம விட்டா இன்னும்தான் வீங்கும். பஸ்ல உக்காந்து சேஃப்டி பின்னால பல்லு குத்தறவங்கள பத்தி நான் ஒண்ணும் சொல்லல.

நல்ல ஹார்ட்டா இருந்தா அந்தக் கிருமிய உடம்பே கொஞ்ச நேரத்துல அழிச்சிடும். வால்வு கெட்டுப் போய் சொரசொரப்பா இருக்கறவங்களுக்கும், செயற்கை வால்வு வெச்சவங்களுக்கும்தான் பெரும்பாலும் அது அங்க போய் ஒட்டிக்கிட்டு வளரும். அதுலயும் வந்தா ரொம்ப ஆபத்தாகறவங்களுக்கு மட்டும் போதும்னு, பல்லு வைத்தியத்துக்கு முன்னாடி யாருக்கு ஆன்டிபயாடிக் வேணும்ங்கற லிஸ்ட்ட 2007-லயே அமெரிக்க ஹார்ட் சங்கம் சுருக்கிடுச்சு: வால்வு மாத்தினவங்க, செயற்கைப் பொருள் வெச்சு வால்வ சரி பண்ணிக்கிட்டவங்க, முன்னாடியே இந்த வால்வு இன்ஃபெக்‌ஷன் வந்து பொழைச்சவங்க, பொறவியிலயே வர்ற ஹார்ட் கோளாறுல சில வகை (உதாரணமா உடம்பு நீலமா மாறுற வகை, ஆபரேஷன் பண்ணாதது), ஹார்ட் மாத்தி வால்வுல பிரச்சனை உள்ளவங்க, அவ்வளவுதான். இவங்களுக்கு பெரியவங்கன்னா 2 கிராம், 500 மில்லிகிராம் கேப்சூல் நாலு, வைத்தியத்துக்கு அரை மணியிலேர்ந்து ஒரு மணி நேரம் முன்னாடி ஒரே தடவை, அதுவும் டாக்டர் எழுதித்தான். ஸ்டென்ட், பைபாஸ், பேஸ்மேக்கர், பிபி, சுகர் இதுக்காக மட்டும் இந்த மாத்திரை தேவையில்ல.

நம்ம ஊர்ல ருமேட்டிக் காய்ச்சல்ல வால்வு கெட்டவங்க இன்னும் இருக்காங்க. ஆபரேஷன் ஆகாதவங்க அந்த அமெரிக்க லிஸ்ட்ல இல்ல, ஆனா சில நாட்டுல சில ருமேட்டிக் நோயாளிங்களையும் சேர்த்திருக்காங்க, அதனால அவங்க ஹார்ட் டாக்டர கேட்டுக்கணும். அந்தக் காய்ச்சல் திரும்ப வராம இருக்க 21 நாளுக்கு ஒரு தடவை பெனிசிலின் ஊசி போடறவங்க அத டென்டிஸ்ட்கிட்ட கட்டாயம் சொல்லணும், வாய்க் கிருமிக்கு அந்த மருந்து பழகியிருக்கும், வேற மருந்து எழுதுவாங்க. வால்வு வெச்சவங்க, ரத்தம் கட்டாம இருக்கப் போடற அசிட்ரோம் மாத்திரைய தானா நிறுத்திட்டு பல்லு புடுங்க போறதும் நடக்குது, அது கிருமியவிட மோசம்.

எனக்கு பெரிய கோவம் இன்னொண்ணு மேல. வால்வு கோளாறு உள்ளவங்களுக்கு காய்ச்சல் விடாம அடிச்சா, என்ன மாதிரி கடைக்காரன்கிட்ட ஆன்டிபயாடிக் வாங்கி மூணு நாள் முழுங்கிட்டு அப்புறம் ஆஸ்பத்திரிக்கு போறாங்க. அங்க பிளட் கல்ச்சர், அதாவது ரத்தத்துல இருக்கற கிருமிய வளத்துப் பாக்கற டெஸ்ட் எடுத்தா, பல தடவை ஒண்ணுமே வளராது, எந்தக் கிருமின்னு தெரியாம டாக்டருங்க திண்டாடணும். கல்ச்சருக்கு ரத்தம் குடுத்தப்புறம்தான் மாத்திரை. சீட்டில்லாம எடுத்துக் குடுக்கற எங்க ஆளுங்களும் இதுல குத்தவாளிதான்.

காசில்லன்னு க்ளீனிங்க தள்ளிப் போடறவங்களுக்கு கோட்டை ஸ்டேஷன் கிட்ட 1953-லேர்ந்து அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு, அதையும் எழுதலாம். மேல சொன்ன லிஸ்ட்ட ஒரு ஹார்ட் டாக்டர்கிட்ட காட்டி சரி பாத்து, கட்டம் கட்டி பெருசா போடுங்க சார், நான் வெட்டி கடைக் கண்ணாடியில ஒட்டிக்கறேன். இடம் பத்தலன்னா அன்னிக்கு ஒரு நாள் ராசிபலன சுருக்கிக்கோங்க.

இப்படிக்கு,
மருந்துக் கடை வாசகர், பெரம்பூர், சென்னை